பதினாலாம் தேதிக் கையெழுத்து

— கம்பெனி பஸ் போனா போகட்டும், விஜியக்கா. அஞ்சு மணிக்கு கிரவுண்டு கமிட்டி விசாரணை. இப்பவே மூணே முக்கால்.

— கேட்டைத் தாண்டி காலு வெக்கல, அதுக்குள்ள மறிச்சுகினு நிக்கிறியே. நீ கபடி கேப்டனா, டிராபிக் போலீஸா?

— ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போயிடறேன். பதினாலாம் தேதி எடை பார்க்கிற ரூம்ல நீங்க இல்லைன்னு.

— ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து கீதே, ரோஷினி.

— கையெழுத்து இருக்கு. நீங்க இல்ல.

— மெதுவா பேசு. டீக்கடையில நிக்கிறவங்க பூரா எங்க லைன்ல வேலை செய்யறவங்க.

— முப்பது நாளுக்கும் ஒண்ணாம் தேதியே போட்டுக் குடுத்துட்டீங்க. கரெக்டா? எல்லாம் ஒரே பச்சைப் பேனா. ஒரு எழுத்து கூட கோணல.

— ஆமா, போட்டேன். இன்னா இப்போ? எனக்கு வாரம் ஒரு ஷிப்ட். பத்துப் பொண்ணுங்க எடை பார்க்கிறதுக்காக அம்பத்தூர் எஸ்டேட்டுல இருந்து மேனாம்பேட்டு கிரவுண்டுக்குப் பறந்துகினு வர முடியுமா? உங்க கோச்சு ஜெகதீசன் மாஸ்டர்தான் சொன்னாரு, ஒரே வாட்டி போட்டுடும்மா, வசதியா இருக்கும்னு.

— யாருக்கு வசதி?

— வாயைப் பாரு! கேட்டுக்கோ, அந்த மனுசனை எனக்குப் பதினஞ்சு வருசமா தெரியும்.

— எனக்கு உங்களை மூணு வருஷமாத் தெரியும்க்கா. "பொம்பள துணை இல்லாம எந்தப் பொண்ணும் அந்த ரூமுக்குள்ள போகக்கூடாது"ன்னு கமிட்டிக்காரங்க முன்னாடி மேஜையைத் தட்டினது நீங்க. அன்னைக்கு எங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? "இந்தம்மா இருக்கிற கிரவுண்டுன்னா தைரியமா போ"ன்னார்.

— அந்த ரூல் சும்மா வந்துச்சா? காட்டுப்பாக்கம் மேட்ச்சுல லாரி மறைவுல நின்னு டிரஸ் மாத்துனவ நான். சாயந்திரம் ரெண்டு மணி நேரம் கிரவுண்டு பொண்ணுங்களுக்கு, பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள், எடை பார்க்க ஒரு பொம்பள. ஒவ்வொண்ணுக்கும் எத்தினி நாள் ஆபீசு ஆபீசா ஏறி எறங்குனேன், நீ பாத்தியா?

— அதனாலதான் கேக்கறேன். நீங்க போட்ட ரூலை நீங்களே ஏமாத்திட்டீங்க.

— ஏமாத்துனேனா! நான் வெறும் கையெழுத்துதான் போட்டேன்னு இன்னிக்குப் போய் சொன்னா இன்னா ஆவும்? கிரிக்கெட் ஆடற பசங்க எப்படா சாக்குன்னு காத்துகினு கீறானுங்க. "பொண்ணுங்களுக்கு எதுக்குடா கிரவுண்டு"ன்னு நாளைக்கே பூட்டைப் போட்டுடுவானுங்க. அத்தினி பொண்ணுங்களும் ஊட்ல குந்திக்கணும். உனக்கு இன்னா, ஃபிளாட்டுக்காரி. இன்னிக்கு இங்க, நாளைக்குப் பெங்களூரு.

— அந்த ஒரு பொண்ணு எங்க உட்காரும்க்கா?

— எந்தப் பொண்ணு? புகாருல பேரே போடாம மொட்டையா எழுதிக் குடுத்திருக்கே. உன்னைத்தானே சொல்றே? மாஸ்டர் இன்னா செஞ்சாரு உன்னை?

— கதவை உள்பக்கம் தாழ் போட்டார். எடை பார்க்க எதுக்குத் தாழ்ப்பாள்? வெளியில நின்னு நான் தட்டினேன். திறக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

— வெளியில நின்னியா? அப்போ உள்ள இருந்தது நீ இல்லியா?

— யாரா இருந்தா என்ன? நீங்க அங்க இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க இருந்ததா ரிஜிஸ்டர் சொல்ற வரைக்கும் அந்தப் பொண்ணு பொய்க்காரி.

— பாத்தியா, பாத்தியா! பேரு கேட்டா முழுங்குறே. உனக்கும் மாஸ்டருக்கும் செலக்‌ஷன்ல தகராறு, அதுக்கு எவளையோ கெளப்பி உட்டிருக்கே. நீ பண்ண களேபரத்துல எம்பொண்ணு பவ்யா கூட கிரவுண்டுன்னாலே நடுங்குறா. பதிமூணு வயசுப் புள்ள. ஒரு வாரமா சரியா சோறு துன்னல.

— ஒரு வாரமாவா?

— ஆமா, ஒரு வாரமா.

— நான் புகார் குடுத்து மூணு நாள்தான்க்கா ஆச்சு.

— மூணோ ஏழோ, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். கேட்டுக்கோ, நான் முடிவு பண்ணிட்டேன். அஞ்சு மணிக்கு நானே வரேன். பதினாலாம் தேதி நான் ரூம்லதான் இருந்தேன், ஒண்ணும் நடக்கல, அந்தப் பொண்ணு புளுகுதுன்னு சொல்லப் போறேன்.

— வேண்டாம்க்கா. அதை மட்டும் சொல்லிடாதீங்க.

— சொல்லுவேன்! மாஸ்டருக்கு மதியமே போன் பண்ணி வாக்குக் குடுத்துட்டேன்.

— குடுத்துட்டீங்களா? அவர்கிட்டயேவா?

— இன்னாத்துக்கு அழுவுறே இப்போ? பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க? கண்ணைத் தொடை.

— யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு சொன்னா. பதினாலாம் தேதி ஆறு மணிக்கு நீங்க எனக்கு போன் பண்ணீங்களே, ஞாபகம் இருக்கா?

— டபுள் ஷிப்டு அன்னிக்கு. லேட்டாவும், பவ்யாவைக் கூட்டிகினு போய் ஊட்ல உடுன்னு சொன்னேன். அதுக்கு இன்னா?

— கூட்டிட்டுப் போகத்தான் போனேன். கிரவுண்டுல அவளைக் காணோம். தேடிப் போய்த்தான் அந்தக் கதவைத் தட்டினேன்.

— ரோஷினி. ஏய். இன்னா சொல்றே நீ?

— வீடு வரைக்கும் வாயே திறக்கல. உங்க வாசல்ல நின்னுதான் சொன்னா.

— எங்கிட்ட ஏன் சொல்லல? நான் அவ அம்மாடீ! எங்கிட்ட ஏன் சொல்லல?

— தாழ் போடறதுக்கு முன்னாடி ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினாராம்க்கா. "பாரு, உங்கம்மாவே கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போயிருக்காங்க"ன்னு.