உப்புப் பார்க்கும் ஒத்திகை

— அப்புறம் அந்த ஜப்பான் ஹெட்மாஸ்டருக்கு என்ன ஆச்சு?

— கேளுங்க அண்ணி. அங்கே பிள்ளைங்க சாப்பிடறதுக்கு முன்னாடி ஹெட்மாஸ்டர் சாப்பிட்டுப் பாக்கணும். நம்ம ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி, 'எனக்கு வயித்துப்புண்ணு, நீ பாத்துடுப்பா'ன்னு வாட்ச்மேன் என் தலையில கட்ட முடியாது. இவரு சாப்பிட்டாரு. நாற்காலியில சாஞ்சாரு. கண்ணை மூடிட்டாரு.

— தூங்கிட்டாரா?

— தூங்கினது அவருக்குத் தெரியும், பிள்ளைங்களுக்குத் தெரியுமா? ஆள் காலின்னு நெனச்சு, அண்டா சூப்பையும் தோட்டத்துல குழி வெட்டிப் புதைச்சுட்டாங்க. டாக்டர் வந்து கையைப் புடிக்கவும் எழுந்து, இன்னொரு கரண்டி ஊத்துன்னாராம்.

— யாரு சொன்னா இதெல்லாம்?

— கப்பல்ல என்கூட பாத்திரம் கழுவினவன். பொய்யே சொல்ல மாட்டான். அவனுக்குப் பேச்சு வராது.

— சரி, இருக்கட்டும். அந்த அடுப்பைக் குறை தம்பி. சத்துணவு ஆபீசர் வர்றதுக்குள்ள ஒரு தடவை பழகிப் பாத்துடுவோம்.

— அவரு வரட்டும் அண்ணி, பாத்துக்கலாம்.

— வந்தப்புறம் என்னத்தைப் பாக்கறது? ஆத்தங்கரைப் பள்ளிக்கூடத்துல என்ன பண்ணிட்டுப் போனாரு, தெரியும்ல. மூணு கிண்ணத்துல சூப்பு வெச்சாராம். ஒண்ணுல உப்பு இல்ல, ஒண்ணுல அளவு, ஒண்ணுல கரிப்பு. எது எதுன்னு சமைக்கறவங்க நாக்குல வெச்சுச் சொல்லணும். அந்தம்மாவுக்கு அன்னிக்குன்னு பாத்து சளி. மாத்திச் சொல்லிட்டாங்க. அடுப்பை அணைச்சு சமையல்கட்டைப் பூட்டிட்டாங்க. இப்ப அங்கே எங்கிருந்தோ வண்டியில டப்பா வருது.

— டப்பாவுல என்ன இருக்காம்?

— யாருக்குத் தெரியும். திறக்கவே கத்திரிக்கோல் வேணுமாம்.

— நல்லதுதானே. பிள்ளைங்க தையல் கத்துக்கும்.

— தம்பி. உங்க அண்ணன் போனதுல இருந்து என் நாக்குல எதுவும் ஏறறதில்லைன்னு உனக்கு மட்டும்தான் தெரியும். வாய்க்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. அழுகையும் வரல, ருசியும் வரல. இந்த அடுப்பும் போச்சுன்னா நான் வீட்டுல சுவரைப் பாத்துட்டு உக்கார வேண்டியதுதான்.

— சரி சொல்லுங்க. நான் என்ன பண்ணணும்?

— தினமும் ருசி பாக்கறவன் நீன்னு ஊருக்கே தெரியும். முதல்ல நீ ஒரு வாய் பாத்துட்டு அவரு முதுகுக்குப் பின்னாடி போய் நின்னுக்கோ. உப்பு இல்லன்னா மூக்கைச் சொறி. கரிச்சா காதைச் சொறி. அளவா இருந்தா சும்மா நில்லு.

— நெஜமாவே மூக்கு அரிச்சா?

— பொறுத்துக்கோ. இந்தா, மூணையும் ஊத்தி வெச்சிருக்கேன். குடி.

— சூடு ஆறட்டும் அண்ணி.

— ஆறித்தான் இருக்கு.

— பிரான்ஸ்ல பாருங்க, இந்தத் தொல்லையே இல்ல. பள்ளிக்கூடத்துலயே ஒண்ணு மாத்தி ஒண்ணா நாலு தட்டு வரும். நாலாவது வர்றதுக்குள்ள முதல் தட்டு செரிச்சுப் போயிடும். மறுபடி முதல்ல இருந்து. ஒரு பையன் அப்படி உக்காந்தவன் இன்னும் எழுந்திருக்கலையாம். கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க பந்தியிலயே வந்து பாத்துட்டுப் போனாங்களாம்.

— பேச்சை வளக்காம குடிப்பா.

— இதோ குடிக்கிறேன். பின்லாந்து கதை இன்னும் மோசம். எல்லாப் பிள்ளைக்கும் இலவசம், பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து. ஆனா பனி. கரண்டியில எடுத்த சூப்பு வாய்க்குப் போறதுக்குள்ள உறைஞ்சுடும். அதனால கொதிக்கிற அண்டா மேலயே பலகை போட்டு உக்காந்து, கீழ கையை விட்டு மொண்டு மொண்டு... ம், இந்தக் கிண்ணம் முடிஞ்சுது. அளவாத்தான் இருக்கு. சும்மா நிப்பேன்.

— முழுசும் குடிச்சுட்டியா?

— ஒரு சொட்டு விடல. உங்க கைப்பக்குவம்.

— அதுல ஒரு கைப்பிடி உப்பு போட்டிருந்தேன் தம்பி.

— ஒரு கைப்பிடியா?

— முகம்கூட சுளிக்கலையே நீ. கதையை விடாம சொல்லிட்டே குடிச்சியே.

— பின்லாந்துல உப்பு கம்மி அண்ணி, அந்த ஞாபகத்துல...

— எப்பத்துல இருந்து?

— அண்ணனைக் கொண்டு போய் அடக்கம் பண்ணிட்டு வந்தோமே. அன்னிக்கு நீங்க கொடுத்த டீயில இருந்து.

— அந்த டீயில நான் சர்க்கரை போட மறந்துட்டேன்.

— அப்படியா. நான் ரெண்டாவது டம்ளரும் வாங்கிக் குடிச்சேன்.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— நீங்க முந்திக்கிட்டீங்க. வீட்டுல ஒருத்தருக்கு நாக்கு போச்சுன்னா இன்னொருத்தருக்காவது இருக்கணும்ல.

— அப்போ ஒரு வருஷமா, 'இன்னும் ஒரு சிட்டிகை போடுங்க அண்ணி'ன்னு சொன்னது?

— தினமும் நல்லா இருக்குன்னே சொன்னா நம்ப மாட்டீங்க. நடுவுல அதையும் சேத்துக்குவேன்.

— ரெண்டு பேரும் நாக்கு இல்லாமலா இத்தனை பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டோம்?

— ஆமா அண்ணி.

— ஒரு பிள்ளைகூட மிச்சம் வெக்கலையே. தட்டெல்லாம் துடைச்ச மாதிரி வருதே. கை பழக்கத்துல எப்படியோ சரியா விழுந்துடுதுன்னு நெனச்சேன். என்கிட்ட மிஞ்சினது அது ஒண்ணுதான்னு நெனச்சேன்.

— நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்.

— வண்டிச் சத்தம் கேக்குது.

— ஆபீசர் வண்டிதான். திருப்பத்துல வருது. கேட்டைத் திறக்கணும்.

— இரு தம்பி. பிள்ளைங்கள்ல ஒருத்தரைப் பின்னாடி நிக்க வெப்போம். சின்னப் பிள்ளை நாக்கு பொய் சொல்லாது. காது, மூக்கு எல்லாம் நான் சொல்லித் தர்றேன். யாரையாவது கூப்பிடு.

— வேணாம் அண்ணி.

— ஏன்?

— எனக்கும் ஒரு தடவை சந்தேகம் வந்துச்சு. சனி ஞாயிறு லீவு முடிஞ்சு திங்கக்கிழமை. சூப்பு ஊத்தினதும் ஒரு பொண்ணுகிட்டப் போய் உக்காந்தேன். மூணாங்கிளாஸ். கேட்டுல நிக்கறவனுக்கு நடையிலயே தெரியும், காலையில யாரு என்ன சாப்பிட்டுட்டு வருதுன்னு. அது பசியில காலை இழுத்து இழுத்து வந்த பொண்ணு.

— என்ன கேட்ட?

— உப்பு எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன்.

— என்ன சொல்லுச்சு?

— 'இன்னும் இருக்கா'ன்னு தட்டை நீட்டுச்சு.