தகடு வராத பாதை

நுஸ்ஹா: பேக்கத் தொடாதீங்க மச்சான். கையெல்லாம் கிறீஸ்.

றாஸிக்: கீழ வெச்சா ஊத்தையாகும் எண்டுதான்... அல்லாவே, என்ன புள்ள இந்தப் பாரம்? அம்மியா கொண்டு வந்த?

நுஸ்ஹா: புத்தகம். விடுங்க, நானே வெச்சிக்கிறன்.

றாஸிக்: கல்முனையில இரிந்து மட்டக்களப்பு வரைக்கும் தனியாவா வந்த?

நுஸ்ஹா: பஸ் நிறைய ஆள் இரிந்தாங்க.

றாஸிக்: பகிடி விடாத. வீட்ட என்ன சொன்ன?

நுஸ்ஹா: அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால பட்டதாரிகளுக்கு வேலை கேட்டு மறியலாம், போறன் எண்டன். நான் படிச்ச படிப்பால இதுவரைக்கும் கிடைச்ச ஒரே பிரயோசனம் இந்தப் பொய்தான்.

றாஸிக்: ஆமிக் கேம்ப் கேட்டில நிண்ட சிப்பாய் உள்ள விட்டானா?

நுஸ்ஹா: சார்ஜன்ட் றாஸிக்ட மச்சினி எண்டன். சிரிச்சிக்கிட்டே விட்டான். ஏன் சிரிச்சான்?

றாஸிக்: அவனுக்கு எல்லாத்துக்கும் சிரிப்பு...

கனகரெத்தினம்: தம்பி, பிளேன்டீ ஊத்திக் கொண்டு... ஓ! ஆள் வந்திருக்கா? ஆர் இது?

றாஸிக்: முனவ்வறாட தங்கச்சி, அண்ணன்.

கனகரெத்தினம்: தவறிப்போன பொஞ்சாதிர தங்கச்சியா? அந்தக் கோவக்காரப் பிள்ளையா?

நுஸ்ஹா: கோவக்காரி எண்டு ஆர் சொன்ன?

கனகரெத்தினம்: ஏன் மகள், இந்த எஞ்சினுக்குக் கீழ படுத்துக்கொண்டு தம்பி வேற என்ன கதைக்கிற? நான் றெயில்வே பிட்டர். துருக் கறள் சுரண்டுறதும் உங்கட வீட்டுக் கதை கேக்கிறதும்தான் இப்ப எனக்கு வேலை.

றாஸிக்: அண்ணன், அந்தப் பெயின்ட் வாளிய மூடினீங்களா?

கனகரெத்தினம்: மூடின வாளிய மூடச் சொல்லுறார். நான் போறன். பிள்ள, இந்தக் கோப்பைய நீங்க குடிங்க. தம்பிக்கு எஞ்சின் ஓட்டத் தெரியும், மினுக்கத் தெரியும். மத்தது ஒண்டுக்கும் வாய் வராது.

நுஸ்ஹா: ...நல்ல மனிசன்.

றாஸிக்: வாய் கூட.

நுஸ்ஹா: இதுதானா உங்கட எஞ்சின்? நான் பெரிசா நினைச்சன். எங்கட ஊர் அரிசி மில் மெசினுக்குச் சில்லுப் பூட்டின மாதிரி இரிக்கி.

றாஸிக்: அப்பிடிச் சொல்லாத, கேட்டிரும். இதிலதான் ஆமிக்கு றெயில் பழக்கின. சண்டை நேரம் றெயில்காரங்க ஓட ஏலாமப் போனா நாங்க ஓட்டணும் எண்டு. சின்னத் துண்டுப் பாதை. இஞ்சால ஒரு பொய் ஸ்டேசன், அங்கால ஒரு பொய் ஸ்டேசன். போறதும் வாறதும்.

நுஸ்ஹா: றெயிலே இல்லாத ஊரில பிறந்தவர் றெயில் ஓட்டப் போன கதை. சந்தியில இப்பவும் சொல்லிச் சிரிப்பாங்க. சரி, இது சண்டைக்கு எங்க ஓடின?

றாஸிக்: ஒரு நாளும் ஓடல்ல. பழக்கிப் பழக்கியே சண்டை முடிஞ்சிட்டு.

நுஸ்ஹா: இப்ப மியூசியம்.

றாஸிக்: ஓம். நாளைக்குக் காலையில பெரிய லொறி வருது. மலைநாட்டுப் பக்கம் கொண்டு போறாங்க. பாத்துக்கொள்ள ஒரு ஆள் வேணுமாம். என்னப் போகச் சொல்லுறாங்க.

நுஸ்ஹா: நல்லது. எஞ்சினுக்குப் பக்கத்தில உங்களையும் பச்சைப் பெயின்ட் அடிச்சு நிப்பாட்டட்டும். கழுத்தில ஒரு அட்டை. ‘போவதும் வருவதும்’.

றாஸிக்: ...தேத்தண்ணி ஆறுது.

நுஸ்ஹா: பெருநாளைக்கு உடுப்பு அனுப்பினீங்க. ஆள் வரல்ல.

றாஸிக்: லீவு கிடைக்கல்ல.

நுஸ்ஹா: ஏன்? எஞ்சினும் நோம்பு பிடிச்சதா?

றாஸிக்: நுஸ்ஹா... வந்த விசயத்தச் சொல்லு.

நுஸ்ஹா: சொல்லுறன். இண்டைக்குப் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு, பாலமுனையில இரிந்து என்னப் பொண் கேட்டு வாறாங்க. மாப்பிள்ளை பள்ளிக்கூட மாஸ்டர். வாப்பா ஓம் எண்டு வாக்குக் குடுக்கப் போறார்.

றாஸிக்: ...மாஷா அல்லாஹ்.

நுஸ்ஹா: அவ்வளவுதானா?

றாஸிக்: மாஸ்டர் எண்டா நல்லதுதானே. படிச்ச ஆள்.

நுஸ்ஹா: எனக்குப் படிச்ச ஆள் வேணும் எண்டு உங்களிட்டச் சொன்னனா? சுனாமித் திட்டத்தில தந்த வீடு பூட்டிக் கிடக்கு. எங்கட பக்கம் பொம்பிளைக்கு வீடு குடுத்துத்தான் மாப்பிள்ளைய எடுக்கிற. மூத்தவளுக்குக் குடுத்த வீட்டக் கடல் எடுத்திட்டு. இது எனக்கெண்டு எழுதின வீடு. வாப்பா போய்ப் போய்த் தூசி கூட்டிப்போட்டு, செத்த வீட்டில இரிந்து வாற மாதிரி வாறார். எல்லாம் ஒரு ஆள்ட பதிலுக்குத்தான்.

றாஸிக்: நான் பதில் சொன்னன்தானே.

நுஸ்ஹா: என்ன பதில்? வாப்பா எவ்வளவு வெட்கப்பட்டுக்கிட்டு வந்து கேட்டார். ‘மூத்தவ மௌத்தாகிட்டா, இளையவள முடிச்சிக்கிட்டு இந்த வீட்டிலயே இரிங்க மகன்’ எண்டு. அதுக்கு நீங்க சொன்ன பதில், ‘தகடு வரட்டும் மாமா’. வாப்பா வீட்ட வந்து, அந்த மனிசனுக்கு விசர் எண்டார். உம்மா அழுதா. நான்...

றாஸிக்: நீ?

நுஸ்ஹா: நான் சோதினைக்குப் படிச்சன்.

றாஸிக்: அந்தா, அந்தக் கொளுக்கி பாத்தியா? உள்ள, சீட்டுக்குப் பக்கத்தில. வெறுமையாத் தொங்குது. அங்கதான் தகடு மாட்டுற. கேம்ப் பெரியவர் நேத்தும் கேட்டார். மியூசியத்துக்கு அந்தப் பழைய தகடு இல்லாம எஞ்சின் நிறைவில்லையாம்.

நுஸ்ஹா: என்ன சொன்னீங்க?

றாஸிக்: கடல் எடுத்திட்டு எண்டன்.

நுஸ்ஹா: ...ம்.

றாஸிக்: உனக்கு அந்தத் தகடு என்னத்துக்கு எண்டு தெரியுமா?

நுஸ்ஹா: முனவ்வறா ராத்தா சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம். ஒத்தைப் பாதை. வட்டப் பித்தளைத் தகடு கையில இல்லாம வண்டி உள்ள போகக் கூடாது. ஒரு தகடு வெளிய எடுத்தா ஸ்டேசனில இரிக்கிற மெசின் பூட்டிக்கும். அது திரும்பிப் போனாத்தான் அடுத்த வண்டிக்குப் பாதை திறக்கும். நீங்க அதக் குடுக்க மறந்து, லீவுக்கு ஊருக்குக் கொண்டு வந்திட்டீங்க. அங்க ஆமி முழுக்க எஞ்சினப் பாத்துக்கிட்டு நிண்ட.

றாஸிக்: மறந்திட்டன்தான். கலியாணம் பேசி முடிச்ச கிழமை. தலை தலையில இல்ல.

நுஸ்ஹா: திரும்பிப் போய்த் தண்டனைக்கு வெயில்ல ஓடினீங்க.

றாஸிக்: ஆமித் துவக்கத் தலைக்கு மேல பிடிச்சிக்கிட்டு. அதுக்குள்ள அவங்க மெசினத் திறந்து புதுசு பூட்டிட்டாங்க. பெரியவர் அந்தத் தகட்ட எனக்கிட்ட எறிஞ்சு, ‘இத உன்ட பொம்பிளைக்கிட்டக் குடு, நீ எவ்வளவு மடையன் எண்டு தெரியட்டும்’ எண்டார். நான் மஹர் நகையோட சேத்துக் குடுத்தன்.

நுஸ்ஹா: நகைய விட்டுப்போட்டு அத எடுத்துக் காட்டித் திரிஞ்சா. ‘இது என்ட கையில இரிக்கிற வரைக்கும் இந்த மனிசன்ட பாதையில வேற வண்டி வர ஏலா’ எண்டு. சாரிக்குள்ள சுத்தி அலுமாரியில வெச்சா.

றாஸிக்: ம்.

நுஸ்ஹா: அலுமாரி மதகடியில கிடந்திச்சு. ராத்தா அதுக்கு அங்கால.

றாஸிக்: வேணாம் நுஸ்ஹா...

நுஸ்ஹா: ஏன் வேணாம்? நீங்க பொய் ஸ்டேசனுக்கும் பொய் ஸ்டேசனுக்கும் நடுவில நிண்டீங்க. மையவாடியில அடக்கினதுக்குப் பிறகுதான் வந்தீங்க. முகம் பாக்கல்ல. பாத்தது நான்.

றாஸிக்: பாலம் உடைஞ்சு கிடந்திச்சு. நடந்து வந்தன்.

நுஸ்ஹா: தெரியும். கால் வெடிச்சு வந்தீங்க. அதனாலதான் இவ்வளவு காலமும் ஏசாம இரிந்தன்.

றாஸிக்: இதுக்குப் பேர் ஏசாம இரிக்கிறதா?

நுஸ்ஹா: இது தொடக்கம். கேளுங்க. அந்த மெசினத்தான் திறந்து புதுசு பூட்டிட்டாங்களே. அந்தத் தகடு அண்டைக்கே செத்த தகடு. மறுகா எந்தப் பாதை பூட்டிக் கிடந்த? எதுக்கு வாப்பாக்கிட்டத் தகடு கேட்டீங்க?

றாஸிக்: எஞ்சின்ட பாதைக்கில்ல.

நுஸ்ஹா: தகடு கிடைச்சிருந்தா ஆரக் கட்டியிருப்பீங்க? என்னையா, தகட்டையா?

றாஸிக்: ...

நுஸ்ஹா: இந்தா, இதுதான். ஊமை. நான் ராத்தாட இடத்தில வெக்கிற சாமான் இல்ல மச்சான். அவட வீடு போச்சு, அவட அலுமாரி போச்சு, நான் மிஞ்சினன் எண்டு என்ன எடுத்து வைக்க ஏலா. எனக்கெண்டு ஒருத்தர் வாய் திறந்து கேக்கணும். வாப்பாக்கிட்ட இல்ல, எனக்கிட்ட. இண்டைக்கு அசர் வரைக்கும்தான் நேரம். அதுக்குத்தான் இந்தப் பஸ்ஸில மிதிபட்டு வந்தன். வெட்கத்த விட்டுச் சொல்லிட்டன், இனி நான் போகலாம்.

றாஸிக்: பொறு...

கனகரெத்தினம்: தம்பி! பெரியவர் டெலிபோன்ல. நாளைக்கு லொறியோட நீ ஏறுறியா இல்லையா எண்டு கேக்கிறார்.

றாஸிக்: பிறகு சொல்லுறன் எண்டு சொல்லுங்க அண்ணன்.

கனகரெத்தினம்: இப்பவாம்.

நுஸ்ஹா: ஏறுறார் எண்டு சொல்லுங்க.

றாஸிக்: நீ வாய மூடு. அண்ணன், கொஞ்சம் கதை குடுத்துக்கொண்டு நில்லுங்க.

கனகரெத்தினம்: பெரியவரோட நான் என்ன கதைக்கிற? மழையைப் பத்தியா? சரி சரி, மழையப் பத்திக் கதைக்கிறன்.

நுஸ்ஹா: எனக்கு பஸ். போறன்.

றாஸிக்: பயிற்சியில முதல் நாள் எங்களுக்கு என்ன பழக்கினாங்க தெரியுமா? எஞ்சின் இல்ல. கை நீட்டப் பழக்கினாங்க. வண்டி வரக்குள்ள பிளாட்பாரத்தில கைய நீட்டிக்கிட்டு நிக்கணும். தகடு வெச்சிருக்கிறவன் நம்மட கையில மாட்டி விடணும். நாமளாப் பறிக்கக் கூடாது. பறிச்சவனுக்கு அடி.

நுஸ்ஹா: எனக்கேன் இது? பஸ் போயிரும்.

றாஸிக்: அந்தப் புத்தகத்த வெச்சிட்டுப் போ.

நுஸ்ஹா: எந்தப் புத்தகம்?

றாஸிக்: பேக்குக்குள்ள இரிக்கிறது. பித்தளைப் புத்தகம்.

நுஸ்ஹா: ...தூக்கிப் பாத்தா சொல்லுறீங்க?

றாஸிக்: இண்டைக்குத் தூக்கினதால இல்ல. பள்ளிக்கூடத்து அகதிக் கேம்பில, நான் நடந்து வந்து சேந்த அடுத்த நாள் விடிய, தண்ணி வாளியோட உள்ள வந்தன். நீ ஒருக்களிச்சுப் படுத்துக் கிடந்த. எழும்பி என்னப் பாத்த. கன்னத்தில வட்டமா ஒரு அச்சு, நடுவில ஓட்டையோட. அந்த வட்டம் எனக்குத் தெரியாதா புள்ள?

நுஸ்ஹா: அண்டைக்கே... தெரியுமா?

றாஸிக்: முதல்ல, தங்கச்சிதானே, ராத்தாட நினைவுக்கு வெச்சிருக்கட்டும் எண்டு விட்டன். மறுகா வாப்பா வந்து கேக்கக்குள்ள, அது ஆர்ட கையில இரிக்கோ அவட காதுக்குப் போகட்டும் எண்டுதான் அப்பிடிச் சொன்னன். வாப்பா ஓம் எண்டு, உம்மா ஓம் எண்டு, நீ மட்டும் வாய் பேசாம என்ட தலையில விழக் கூடாது. நீ தரணும். நீட்டின கை நீட்டின மாதிரி நிக்கிறன். நீ தரல்ல. வேணாமாக்கும் எண்டு நினைச்சுத்தான் மலைக்குப் போக ஓம் சொல்ல இரிந்தன்... இப்ப வாய் திறந்து கேக்கிறன். உன்னட்டத்தான். தாறியா?

நுஸ்ஹா: ...முதல்ல அந்தக் கிறீஸத் துடைச்சிட்டுக் கைய நீட்டுங்க.