பட்டியலில் ஐந்தாவது பெயர்

லனியான்: கதவைச் சாத்துக்கா. இதை யார் எழுதினது?

திதி: எதைடா? பேர் வெக்கற சடங்குக்குத் தேன், உப்பு, கோலாக்கொட்டை எல்லாம் எடுத்து வெச்சாச்சு. பெரியப்பா குழந்தையைக் கேக்கறாரு, நீ இங்க...

லனியான்: பேர் எழுதின தாள். நேத்து நாலு பேர்தான் இருந்துச்சு. இப்ப அஞ்சு. கடைசியைப் படி.

திதி: கண்ணாடி இல்லாம எனக்கு... யே... யேதுண்டே.

லனியான்: மெதுவா. அரிகே பக்கத்து ரூம்ல இருக்கா.

திதி: நான் எழுதலடா.

லனியான்: பின்ன யாரு? அச்சடிச்ச எழுத்து மாதிரி எழுதியிருக்கு, யார் கையெழுத்துன்னே தெரியல. உன்னையும் என்னையும் பெரியப்பாவையும் விட்டா இந்த வீட்ல யாருக்கு விஷயம் தெரியும்?

திதி: அவருக்குக் கை நடுக்கம். பேனா பிடிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு.

லனியான்: அத்தனை பேர் முன்னாடி, 'அம்மா திரும்பி வந்துட்டா'ன்னு அர்த்தம் வர்ற அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, அரிகே என்ன கேப்பா? எந்த அம்மா, எங்க போனா, எதுக்குத் திரும்பி வரணும்னு கேக்க மாட்டாளா?

திதி: அது சரியான பேருதானேடா. அம்மாவைப் பெத்த பாட்டி கண்ணை மூடி ரெண்டு நாள்ல பொறந்தவ. அவளுக்கு வேற என்ன வெப்பாங்க?

லனியான்: சரியான பேருதான். இன்னைக்கு வேண்டாம். பிரஷர் இறங்கற வரைக்கும் அரிகேவுக்கு அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தானே இருந்த? வலிப்பு வந்து அவ கெடந்த கெடப்பை நீயும்தானே பாத்த?

திதி: பாத்தேன். ஆனா எத்தனை நாளைக்கு? பிள்ளை பெத்தவளுக்கு அவ அம்மா வந்து குழந்தையைக் குளிப்பாட்டணும். எட்டு நாளா நான் குளிப்பாட்டறேன். தினமும் என் கையையே பாத்துட்டு உக்காந்திருக்கா.

லனியான்: அவங்கம்மாவுக்குக் காய்ச்சல்னு சொல்லி வெச்சிருக்கேன்ல.

திதி: முதல்ல பஸ் கிடைக்கலன்ன. அப்புறம் காய்ச்சல். நேத்து போன் தண்ணில விழுந்துடுச்சுன்ன. ஒரு மனுஷிக்கு எத்தனைடா...

லனியான்: பேனா இருந்தா குடு. அடிச்சுடறேன்.

திதி: பிள்ளையோட பேரையா அடிக்கப் போற?

லனியான்: வேற என்ன செய்யச் சொல்ற...

அரிகே: என்னங்க... ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்றீங்க?

லனியான்: ஒண்ணுமில்ல. நீ ஏன் எழுந்து வந்த? தையல் பிரிஞ்சுடப் போகுது, உக்காரு.

அரிகே: அண்ணி, குழந்தையைக் கொஞ்சம் வாங்கிக்குங்க. என்னங்க அது, கைக்குப் பின்னால?

லனியான்: சீட்டு... பழைய மருந்துச் சீட்டு.

அரிகே: மருந்துச் சீட்டை ஏன் இப்படிக் கசக்கறீங்க? குடுங்க இப்படி.

லனியான்: அரிகே, நான் சொல்றதைக் கேளு... பெரியப்பாவுக்கு வயசாயிடுச்சு, ஏதோ ஞாபகத்துல தப்பா எழுதிட்டாரு. அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல.

அரிகே: நம்ம ஆளுங்க அர்த்தமில்லாம ஒரு பேர் வெச்சு நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

திதி: நான் குழந்தையை வெளிய கொண்டு போறேன்...

அரிகே: இருங்க அண்ணி. ஏங்க, குழந்தை பொறந்த அஞ்சாம் நாள் நீங்க கொல்லைப்பக்கம் நின்னு போன்ல பேசினீங்களே, இலேஷாவுல இருக்கற எங்க மாமாகிட்ட. வர்ற வெள்ளிக்கிழமை அடக்கம், அதுவரைக்கும் இவகிட்ட மூச்சு விட வேண்டாம்னு. நான் ஜன்னலோரம் பால் குடுத்துட்டிருந்தேன்.

திதி: அம்மாடி...

லனியான்: மூணு நாளா... அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

அரிகே: நான் தும்மினாலே டாக்டருக்குப் போன் போடறீங்க. ராத்திரியில மூக்குல விரல் வெச்சு மூச்சு வருதான்னு பாக்கறீங்க. நான் வாய் விட்டு அழுதா நீங்க என்ன ஆவீங்கன்னு பயமா இருந்துச்சு.

லனியான்: அப்ப இந்தப் பேரு...

அரிகே: நான்தான் எழுதினேன், காலையில நீங்க குளிக்கப் போனப்ப. கடைசியில வேண்டாங்க, முதல் பேரா வாசிக்கச் சொல்லுங்க, நல்லா உரக்க. மூணு நாளா தலையணையில வாயை அழுத்திக்கிட்டு அழுதாச்சு, இன்னைக்காவது எங்கம்மாவுக்காக நாலு பேர் முன்னாடி அழறேன்.