பின்னறைக் கதவு

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய நினைப்பவர்கள் சதுரமான அறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஐயா. சதுர அறையில் கனத்த குரல் மூலையில் போய்த் தங்கிக் குமுறும். நீளவாக்கில் உள்ள அறை நல்லது. பாடுபவரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தக் கூடாது. சின்ன விஷயங்கள்தான். இவை தெரியாமல் கையில் இருந்ததைக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். புதுவாயல் கூட்டுரோட்டை ஒட்டிய தெரு. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். முன்னறையில் ஆந்திரா லாரிகளின் ஹாரன் ஓயாது. நடு அறைக்குத் தளம் போட்டிருக்கிறது, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பின்னறை பிற்பாடு கட்டிச் சேர்த்தது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். யாரைக் கேட்டாலும் பதிவுக்கு நடு அறையைத்தான் சொல்வார்கள். அதில் என் அண்ணன் பாக்கியநாதன் படுத்திருந்தார்.

அண்ணன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்தார். பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று தடம் மாறிப் பாய்ந்தது. மார்பு, முதுகு, இரண்டு கைகள் வெந்துபோயின. விழுந்த இடத்தில் தலையிலும் அடி. பிழைத்துக்கொண்டார். கால்கள் விளங்காமல் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. என்னைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயர், மானு.

தண்ணீர் வேண்டுமென்றால் மானு. படுக்கை நனைந்தால் மானு. ஈ உட்கார்ந்தால், வலித்தால், தூக்கத்தில் பயந்தால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் மானு. நல்ல உரத்த குரல். ஆலையின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

அண்ணி கிரேஸ், கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போவார். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார். அண்ணனைத் தூக்க, கழுவ, ஊட்ட ஒரு ஆள் வேண்டும். டைல்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் வீட்டில் நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் நின்றேன். இதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் ஓடியது. அதற்குப் பிறகு அண்ணன் தூங்கும்போதும் எனக்கு அந்தக் கூப்பாடு கேட்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீபோர்டு வாசிப்பேன். பாட்டின் நடுவில் மானு என்று கேட்கும், கையை எடுத்துவிடுவேன். சபையார் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். சில வாரம் பொறுத்துப் பார்த்த போதகர், கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று தன்மையாகச் சொல்லி வேறு ஆளை உட்காரவைத்தார்.

ஒருநாள் அண்ணி வீட்டில் இருந்தபோது பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை. வண்டி வந்து நின்றது. ஏறக் கால் வைத்தபோது பின்னால் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். என்னை இல்லை. ஆனாலும் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுதேன். வந்தவுடன் அண்ணனுக்குத் துணி மாற்றினேன்.

வீட்டைவிட்டு நகர முடியாதவன் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய தொழில் என்று யோசித்ததில்தான் ஸ்டுடியோ வந்தது. அப்போது கம்ப்யூட்டரிலேயே பாட்டுப் பதிவு செய்ய முடிந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் நல்ல கண்டென்சர் மைக் ஒன்றும் கிடைத்தன. கோயில் பாட்டு, சபைப் பாட்டு, கல்யாணப் பாட்டு என்று ஊருக்கு ஊர் ஆட்கள் சி.டி. போட்டுக்கொண்டிருந்தார்கள். தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். பாடுபவர் நிற்பது எங்கே, நான் உட்காருவது எங்கே, வயர் வருவது எங்கே. எப்படிப் போட்டாலும் கோடு அண்ணனின் கட்டிலில் முட்டியது.

பின்னறைக்கு மாற்றலாம் என்றதும் அண்ணி தயங்கினார்.

"மேல ஷீட்டாச்சே இம்மானுவேல். வெயில் காலத்துல அனலு அடிக்குமே. அவுரு தாங்குவாரா?"

"கீழ தெர்மாகோல் வெச்சு அடிச்சுடறேன் அண்ணி. ஃபேனு ஓடிக்கினே இருக்கும்."

"உனுக்கு எது சரியோ செய். உன்னிய மாரி அவர பாத்துக்குறதுக்கு யாரு கீறாங்க."

மாற்றினோம். குரல் சுவரைத் தாண்டி வந்தது. முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்கும் என்று சொல்வார்கள். நிற்காது, எதிரொலிதான் குறையும். சத்தத்தை நிறுத்தக் கனம் வேண்டும், இடுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு வழி இருந்தது. வெளியே உள்ள எல்லாச் சத்தமும் வராதபடி நடு அறையை அடைக்கலாம். அல்லது ஒரே ஒரு சத்தம் வெளியே போகாதபடி பின்னறையை அடைக்கலாம். இரண்டாவது சுலபம்.

பின்னறை ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசினேன். பாய்லருக்குச் சுற்றும் கண்ணாடிப் பஞ்சு பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். அதைச் சுவரில் வைத்துப் பலகை அடித்தேன். இறால் கம்பெனி ஒன்று கழித்துப் போட்ட குளிர் அறைக் கதவும் அங்கேயே கிடைத்தது. கனமான கதவு, ஓரமெல்லாம் ரப்பர், தாழ்ப்பாள் வெளிப்பக்கம். காற்றுக்காக மேலே ஒரு துவாரம் விட்டு, குரல் நேராக வராதபடி வளைத்து வளைத்து வழி செய்தேன். விசிறியின் சுவிட்சை வெளிச்சுவருக்குக் கொண்டுவந்தேன்.

முதல்முறை அந்தக் கதவைச் சாத்திய பகலில் அடுப்பில் பருப்பு கொதிப்பது எனக்குக் கேட்டது. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அடிக்கடி கதவைத் திறந்து அண்ணனைப் பார்த்தேன். நாளாக ஆகக் கொஞ்சம் குறைவாகப் பார்த்தேன்.

சஹாபுதீன் பாய் பழவேற்காட்டில் நண்டு வியாபாரம் செய்பவர். கல்யாண வீடுகளில் பாடுவார். நோன்பு மாதத்துக்கு முன்னால் தன் பாட்டு சி.டி.யாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர்தான் என் முதல் ஆள். நன்றாக வந்தால் இன்னும் சில பேரை அழைத்து வருவதாகச் சொன்னார். அக்கினி நட்சத்திரத்தில்தான் அவருக்கு நேரம் ஒழிந்தது.

பதிவுக்கு முந்தின நாள் அண்ணி சொன்னார். "நாளைக்கி நான் லீவு போட்டுடறேன். ஆட்டோ வெச்சு அவர கவரப்பேட்டைல எங்கக்கா ஊட்டுக்கு இட்டுக்கினு போறேன். நீ நிம்மதியா வேலயப் பாரு."

"வேணாம் அண்ணி. இந்த வெயில்ல அவருக்கு எதுக்கு அலைச்சல். நான் பாத்துக்குறேன்."

மறுநாள் அண்ணி வேலைக்குப் போய்விட்டார்.

காலையில் பாய் வருவதற்கு முன் மைக்கைப் போட்டுச் சோதித்தேன். அந்த மைக்குக்குக் காது அதிகம். எனக்குக் கேட்காதது அதற்குக் கேட்டது. விசிறியின் உறுமல் சுவர் வழியாக வந்தது. துவாரத்தின் வழியாக மானு வந்தது. பழைய மெத்தை விரிப்பைச் சுருட்டித் துவாரத்தில் திணித்தேன். விசிறியை அணைத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெந்து ஆறிய தோலில் வியர்வை வராது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் இதைச் சொன்னார். நம் உடம்பு வெக்கையை வியர்வையாக வெளியே தள்ளுகிறது, இவருக்கு அது முடியாது, வெக்கை உள்ளேயே நின்றுவிடும், விசிறி இல்லாத இடத்தில் வைக்காதீர்கள் என்றார். அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார். கேட்டது நான் ஒருவன்தான். தெரியுமா என்று கேட்டீர்களே, தெரியும்.

பாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நன்றாகப் பாடினார். இரண்டாவது சரணத்தில் நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"தம்பி, யாரோ கூப்புடுற மாரி கீதே."

"பக்கத்து ஊட்டு டி.வி., பாய்."

"இல்ல தம்பி, மனுசக் கொரலு. போய்ப் பாத்துட்டு வா, நான் இருக்குறேன்."

"தெனமும் இப்பிடித்தான் வெச்சுக்கினு இருப்பாங்க. நீங்க பாடுங்க."

பாடினார். என் ஹெட்போனில் பாயின் குரலும் கேட்டது, அதற்குப் பின்னால் மற்றதும் கேட்டது. முதலில் அடிக்கடி. பிறகு இடைவெளி விட்டு. கடைசிப் பாட்டில் ஒன்றும் இல்லை. ஒரே மூச்சில் எடுத்தோம். பாய்க்கு மிகவும் பிடித்துப்போயிற்று, இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

மதியத் தொழுகைக்குள் போக வேண்டுமென்று எழுந்தவர், கையில் ஒரு பொட்டலத்தோடு நின்றார்.

"அண்ணனுக்குப் பேரிச்சம்பழம் எடுத்தாந்தேன். ஒரு தபா மூஞ்சியப் பாத்துக் குடுத்துட்டுப் போறேனே."

"தூங்குறாரு பாய். நான் குடுத்துடறேன்."

"எயுப்ப வேணாம். பாவம், தூங்கட்டும்."

வாசல்வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்தேன். பாய் போனதும் கதவைத் திறந்தேன், அதற்குள் உயிர் இல்லை என்று நீங்கள் முதல் தடவை விசாரித்தபோது சொன்னேன். அது சரியில்லை. பின்னறைக் கதவின் அருகே போய் நின்றேன். கை வைத்தால் கதவு சுட்டது. உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டார். மெதுவாக, ஒரே ஒரு தடவை. மெதுவாகக் கூப்பிட அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதிவு முடிந்திருந்தது. மைக்கை அணைத்திருந்தேன். இனி வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் பாட்டுக்குக் கெடுதல் இல்லை. விசிறியின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் நடு அறைக்குத் திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் அண்ணி வந்து அந்தக் கதவைத் திறக்கும்வரை கழற்றவில்லை. பாட்டு சுத்தமாக வந்திருக்கிறதா என்று யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும், ஐயா.