தேவாரத்து மாப்பிள்ளை

தேவாரத்திலிருந்து கம்பம் போகும் மதிய பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், தூங்கி விழும் பெரியவர் ஒருவர், மடியில் மூடிய கூடையோடு முக்காடிட்ட பெண், அவர் பக்கத்தில் மஞ்சள் சேலைக்காரர், பின்சீட்டில் நான். வேறு யாருமில்லை. வெளியே திராட்சைப் பந்தல்கள் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

“மாப்பிள்ளை தூங்குறாரு, மெதுவாப் பேசுங்கக்கா,” என்றார் கூடைக்காரர்.

அவர் மூடியை லேசாக விலக்க, கூடைக்குள் சாம்பல் நிறத்தில் சின்சில்லா இனத்து ஆண் முயல் ஒன்று.

“ஒரு கெடாவுக்கா இம்புட்டுத் தூரம் அலையிற? எங்க வீட்டுலயே ஒண்ணு சும்மா நிக்கிதே,” என்றார் மஞ்சள் சேலைக்காரர்.

“அது எங்க பொட்டைக்குத் தாய்மாமன்க்கா.”

“தாய்மாமன்னா முறைதானடி!”

“ஒங்கள்ல முறைதான். முயலுக்கு ஆகலையே. போன தடவ அப்படித்தான் சேத்தேன். குட்டிகளுக்குப் பல்லு கோணிக்கிச்சு. புல்லக் கடிக்க முடியாம ஒண்ணொண்ணாச் செத்துப்போச்சு. இந்தத் தடவையாச்சும் நல்ல குட்டியாப் பொறக்கணும்.”

பஸ் உத்தமபாளையம் தாண்டியது. மஞ்சள் சேலைக்காரர் கூடைக்குள் கைவிட்டு முயலின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“எம்மகளுக்கு எந்தம்பியத்தான் பேசியிருக்காக,” என்றார் கடைசியில்.

“தட்டு மாத்தியாச்சாக்கா?”

“வார வெள்ளிக்கெழம. இப்பப் போயி வேணாம்னா தம்பி மொகத்துல எப்பிடி முழிக்கிறது?”

“நாளைக்கு மக மொகத்துலயும் முழிக்கணும்லக்கா.”