நீலத்தாள் காட்டாத உயரம்

பல்லை அடைத்து முடித்ததும் டாக்டர் ஒரு நீலத்தாளை வைத்து "கடிச்சுப் பாருங்க" என்பார். உங்களுக்கும் நடந்திருக்கும், இன்ஸ்பெக்டர். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே முட்டுகின்றன என்று தாளின் மை காட்டும். எவ்வளவு அழுத்தமாக முட்டுகின்றன என்பதைக் காட்டாது. அதற்கு இப்போது சென்சார் வந்திருக்கிறது. மெல்லிய தகடு, கடித்தால் அழுத்தம் திரையில் நிறமாக எழும். இரண்டில் எதை நம்பலாம் என்று ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் கிளினிக் நடத்துகிறவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. நன்றி.

ஒப்பிட வேண்டுமென்றால், தவறு எந்தப் பல்லில் இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் தவறை நானே வைத்தேன். கடைவாய்ப் பல்லை அடைக்கும்போது, சிலருக்கு மட்டும், முடியளவு உயரம் கூடுதலாக வைத்தேன்.

எபினேசர் ஆரம்பாக்கத்துக்காரர். தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை. அடைத்து அனுப்பிய சில நாளிலேயே திரும்பி வந்தார். தலை ஒரு பக்கமாக விண்விண் என்று தெறிக்கிறது, தாடை பூட்டிக்கொள்கிறது என்றார். தாளை வைத்தேன், எல்லாப் பல்லிலும் மை ஒரே மாதிரி விழுந்தது. சென்சாரை வைத்தேன், அந்த ஒரு பல் மட்டும் சிவப்பாக எழுந்தது. எனக்கு நினைத்தது சரியாக வந்த சந்தோஷம். அப்போதே தேய்த்துவிட்டிருக்கலாம், சின்ன வேலைதான். ஆனால் நாள் போகப்போகத் தாளும் அதைக் காட்டுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ரயில் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போய் அவர் இறங்கி வருகிறாரா என்று பார்ப்பேன். வருவார். நாற்காலியில் உட்கார முடியாமல் கதவுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டே இருப்பார். ஒவ்வொரு முறையும் இரண்டு அளவும் எடுத்தேன்.

ஒரு நாள் மனைவி சுகிர்தா கூட வந்தாள்.

"டாக்டரம்மா, மன்சன் தூங்கியே ரொம்ப நாளாவுது. மெஷினாண்ட நின்னுக்கினே கண்ணு சொருவுதுன்றாரு. அந்தப் பல்லப் புடுங்கியாச்சும் உட்டுருங்க."

நான் தாளைக் காட்டினேன். எல்லாம் சமமாக இருக்கிறது பார் என்றேன். அது பொய்யில்லை, தாள் அப்படித்தான் காட்டியது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ இவரு மனசுலதான் இன்னாவோ கோளாறா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இருக்கலாம் என்றேன். எபினேசர் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரமே பிரஸ் இறங்கும்போது கண் சொருகி முன்னால் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி பொன்னேரியைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

என் உதவியாளர் மெர்சி உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. உயரம் வைத்தது நான். வலிக்கிறது என்று தெரிந்தே விட்டுவைத்ததும் நான். சுகிர்தாவிடம் அவள் புருஷனைப் பைத்தியம்போல் ஆக்கிக் காட்டியதும் நான்தான்.

இப்படி உயரம் வைத்த மற்றவர்கள் யார் யார் என்று கேட்கிறீர்கள். எல்லாப் பெயரும் சொல்கிறேன். ஒன்று மட்டும், வேறு டாக்டர் யாரும் அவசரப்பட்டு அந்தப் பல்லைத் தேய்த்துவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கடைசி அளவு எடுத்ததும் நானே சரிசெய்துவிடுவேன். நோயாளிகளை நடுவழியில் கைவிடுகிற வழக்கம் எனக்கு இல்லை.