மூணு துப்பாக்கியும் கோணல்

– இதுவும் கோணல்தான் ஜோஷ்வா சார். மூணாவதும் வலது பக்கமாவே போகுது.

– பேப்பரக் கொண்டா சங்கரி, பாப்போம். அடேயப்பா, அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையால்லா விழுந்திருக்கு!

– ஒரே ஓட்டைதான். ஆனா ஏழாம் வளையத்துல விழுந்திருக்கே, நடுப் பத்துல விழலியே. நோட்டுல எழுதி வச்சிருக்கேன் சார். ஒண்ணாவது, மரக்கட்டை வச்சது: ஏழு, வலது பக்கம். ரெண்டாவது, அலுமினியம்: ஏழு, வலது பக்கம். மூணாவது, கனம் கம்மியா இருக்குல்லா, இது: ஏழு, வலது பக்கம். நாந்தான் தப்பா எழுதிட்டேனோன்னு எல்லாத்துலயும் இன்னொரு தடவ சுட்டேன். அதே எடம்.

– ஏட்டி, அம்புட்டு தூரத்துல இருந்து ஒரு பொட்டுல அஞ்சு குண்ட எறக்கிருக்க. நம்ம கடையா இருந்தா ரெண்டு பரிசு எடுத்துக் குடுத்திருப்பேன்.

– அப்பா, இது தபசுத் திருவிழாவுக்குப் போடுத பலூன் கடை இல்ல. மாநிலப் போட்டி.

– எதா இருந்தா என்ன, சுடுதது சுடுததுதான். தம்பி, ஒங்களுக்குத் தெரியாது. எம்மவ மூணாப்புல இருந்து துப்பாக்கி பிடிக்கா. ஆடித்தபசுக்கு ரத வீதியில கடை போட்டா, ஸ்டூல் மேல ஏறி நின்னு பத்துக்குப் பத்து உடைப்பா. “சின்னப்பிள்ளயே உடைக்குது, வாங்க, வாங்க”ன்னு நான் மைக்குல ஒரு சத்தம் குடுப்பேன் பாருங்க, சனம் மொய்ச்சிரும்.

– சரி அண்ணாச்சி, ஆனா ஆறு மணிக்குள்ள ஆர்டர் அனுப்பியாகணும். இந்த மூணும் சுட்டுப் பாக்கதுக்கு வந்தது, நாளைக்குத் திரும்பப் போயிரும். சொந்தத் துப்பாக்கி இல்லாம இவ போட்டிக்குப் போக முடியாது பாருங்க. கிளப்புல இருக்கது ஒண்ணே ஒண்ணு. அத இங்க பழகுத இன்னொரு பையன், அர்ஷத், கொண்டு போறான்.

– அந்தக் கிளப் துப்பாக்கியும் எனக்கு வலது பக்கம்தான சார் போச்சு? பழசு, கோணலா இருக்கும்னு நீங்கதான் குறி பாக்குத சைட்டத் திருப்பிக் குடுத்தீங்க.

– ஆமா. திருப்பினதுல இருந்து அவனுக்கு இடது பக்கமா போகுதாம். தெனமும் என்னையத் திட்டுதான்.

– அது கோணல். புதுசு மூணும் கோணல். நாலு துப்பாக்கி எப்படி சார் ஒண்ணு போல கோணலாகும்?

– ஆகாது. தள்ளிக்கோ, நான் ஒருக்கா சுட்டுப் பாக்கேன்.

– என்ன தம்பி, சுட்டாச்சா? நம்ம துப்பாக்கின்னா தெருவுக்கே கேக்கும். இது தும்மின மாதிரி இருக்கு.

– சுட்டாச்சு அண்ணாச்சி. பத்து. இன்னொண்ணும் பத்து.

– மத்த ரெண்டுலயும் சுடுங்க சார். நான் எழுதிக்கிடுதேன்.

– அலுமினியம், பத்து. மரக்கட்டை, பத்து. மூணும் நேராத்தான் இருக்கு சங்கரி.

– அப்போ துப்பாக்கி கோணல் இல்ல. நாந்தான் கோணல்.

– ஏட்டி, என்ன பேச்சு பேசுத!

– ஆர்டர் அனுப்ப வேண்டாம் சார். என் பேரயும் லிஸ்டுல இருந்து அடிச்சிருங்க. கண்ணுல கோளாறோ, கையில கோளாறோ, எனக்குத் தெரியல. கோளாற வச்சுக்கிட்டு துப்பாக்கி வாங்கி என்ன செய்ய?

– பொறு, பொறு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. முன்னால இருக்க வளையத்துக்குள்ள கறுப்புப் பொட்டு எங்கன நிக்கும்?

– இடது ஓரத்துல ஒட்டி நிக்கும்.

– நடுவுல இல்லயா?

– நடுவுலன்னுதான் நீங்க சொல்லிக் குடுத்தீங்க. அப்படித்தான் வைப்பேன். விசைய அமுக்குத நேரத்துல கை தானா ஒரு துளி வலது பக்கம் போயிரும். அப்பதான் மனசுக்குச் சரின்னு படும். பலூனும் அப்படித்தான சார் உடையும்? நேரா வச்சா எங்க உடையும்?

– நேரா வச்சாத்தாம்மா உடையும்! அண்ணாச்சி, ஒங்க கடைத் துப்பாக்கி நேராச் சுடுமா?

– இது என்ன கேள்வி தம்பி? தொழில் விசயத்தப் பிள்ள முன்னால வச்சா கேக்குதது?

– அப்பா?

– வளைச்சிருக்கேன். முன் சைட்ட இடுக்கிய வச்சு லேசா ஒரு தட்டு, அம்புட்டுதான். குண்டு இடது பக்கமா ஒதுங்கிப் போயிரும். வாரவன் போறவனெல்லாம் உடைச்சுத் தள்ளிட்டா எவர்சில்வர் டம்ளருக்கு நான் எங்க போவேன்?

– அப்போ என்னைய ஸ்டூல்ல ஏத்தி உடைக்க விட்டது, துப்பாக்கி நேரா இருக்குன்னு சனத்த நம்ப வைக்கவா? நான் கை தட்டுதாங்கன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு நின்னேன்.

– அழாதட்டி. ஒன் துப்பாக்கி வேற! சிவப்பு டேப்பு சுத்தினது நேர் துப்பாக்கி, அத ஒனக்குக் குடுப்பேன். பச்ச டேப்பு சுத்தினதுதான் வளைச்சது, அது சனத்துக்கு. டேப்பப் பாத்துத்தான் எடுத்துக் குடுப்பேன். ஒங்கம்மா மேல சத்தியமாச் சொல்லுதேன், ஒன் கையில ஒருநாளும் கோணல் துப்பாக்கியக் குடுத்ததில்ல.

– நேர் துப்பாக்கியில பழகின கைன்னா ஏன் அண்ணாச்சி வலது பக்கம் போகுது? எனக்கே தல சுத்துது பாருங்க.

– எனக்கு மட்டும் புரியுதாக்கும்? அந்தப் பச்ச டேப்புத் துப்பாக்கியும் அப்படித்தான் தம்பி. வளைச்சு ஒரு புண்ணியமும் இல்ல. துப்பாக்கியத் தொட்டே பாக்காத பொம்பளைங்க திருவேங்கடத்துல இருந்து பஸ் ஏறி வந்து, பலூன உடைச்சு டம்ளர அள்ளிட்டுப் போனாங்க. ஒரு தபசுக்குக் கூட பரிசு மிஞ்சினதில்ல. சரி, சனத்துக்குக் குறி தேறிட்டு போலன்னு விட்டுட்டேன்.

– பொம்பளைங்க எல்லாரும் உடைச்சாங்களாப்பா?

– உடைச்சாங்களே! ஒனக்கு என்ன, அழுகையும் சிரிப்புமா நிக்க?

– சார், மணி என்ன?

– அஞ்சே முக்கால்.

– ரெண்டாவத எழுதுங்க, அலுமினியம். கன்னத்துக்கு அதுதான் ஒட்டி ஒக்காருது. பேர அடிக்க வேண்டாம். கைய நான் திருத்திக்கிடுதேன்.

– எழுதுதேன். ஆனா திடீர்னு என்ன தெளிவு?

– எனக்கும் சொல்லு மக்கா.

– மறந்தே போச்சுப்பா. நான் மூணாப்பு படிக்கையில, ராயகிரியில இருந்து வந்த பிள்ள ஒண்ணு ஒரு பலூனும் உடையாம நம்ம கடை முன்னால நின்னு ஏங்கி ஏங்கி அழுதுச்சு. சிவப்பு டேப்புலதான் நல்லா விழும்னு எனக்குத் தெரியும். நீங்க டீ குடிக்கப் போன நேரத்துல, ரெண்டு டேப்பையும் உரிச்சு மாத்திச் சுத்திட்டேன். அப்புறம் திருப்பி மாத்தவே இல்ல.